புறங்கையை நக்கியவர் யார்?

(கள்ளக்குறிச்சியில் கழகத் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா?" என்றொரு பழமொழி நம் நாட்டிலே நெடுநாளாக உலவி வருகிறது. கணக்கிலே கைவைத்தவனைக் காப்பாற்ற வேண்டுமா? இந்தப் பழமொழி வரும். பொதுப்பணத்திலே பங்கு போட்டவனுக்குப் பரிந்து பேச வேண்டுமா? இந்தப் பழமொழிதான் முந்திக்கொண்டு வரும். தவறு செய்தவனுக்குத் தலையணையாகவே இதைத் தைத்து வைத்திருக்கிறார்கள்!

நான் இன்று கேட்கும் கேள்வி வேறு. உண்மையிலேயே தேன் எடுக்கிறானே ஒருவன், நம் கண்ணுக்கெதிரே நீலமாய் நிற்கும் கல்வராயன் மலையிலே பந்தம் பிடித்து, புகை போட்டு, பாறையிலே தொங்கிக்கொண்டு தேன் எடுக்கிறானே, அவனுடைய புறங்கையிலே என்ன இருக்கிறது? பார்த்தவன் சொல்கிறேன், தோழர்களே! தேன் இல்லை. கொடுக்குப் பட்ட தழும்பு இருக்கிறது! தேன் எடுத்தவன் கையிலே தழும்பு என்றால், அந்தப் புறங்கையை நக்கியவர் யார்?

சென்ற திங்கள் அந்த மலைக்குப் போயிருந்தேன். வழி உங்களுக்குத் தெரியாததல்ல. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, அதைக் கடந்தால் கோமுகி அணை, அப்புறம் வளைந்து வளைந்து ஏறும் பாதை, மேலே வெள்ளிமலை. போகிற வழியிலே சாலையோரம் ஒரு தகரக்கூரை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. பலா மரத்து நிழலிலே நாலைந்து தேன் பெட்டிகள். பலகைமேல் சாமை, புளி, கடுக்காய். நடுவிலே வெயில் பட்டு மின்னும் தேன் குப்பிகள். கடையிலே ஒரு பெண்மணி. திண்ணையிலே அவருடைய மாமனார்.

"உள்ளங்கையை நீட்டுங்கண்ணா" என்றார் அந்தத் தங்கை. ஒரு சொட்டு விட்டார். இனிப்புக்குப் பின்னாலே இலேசான துவர்ப்பு, அதற்கும் பின்னாலே ஏதோ ஒரு காட்டுப்பூவின் மணம். ஒரு குப்பி எடுத்துக்கொண்டு விலை கேட்டேன். சொன்னார். நகரத்து நாக்கு சும்மா இருக்குமா? "கொஞ்சம் குறைக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

திண்ணையிலிருந்த பெரியவர் சிரித்தார். "தாராளமா குறைக்கலாங்க ஐயா. அதோ பெட்டி இருக்குது. பூச்சிகிட்ட போய் நீங்களே ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. அது சரின்னா எனக்கும் சரி!"

மேடையிலே எத்தனையோ மாற்றாருக்கு மறுமொழி சொன்னவன் நான். அந்தக் கிழவருக்கு மறுமொழி கிடைக்கவில்லை!

கிடைக்காதது நியாயந்தான். ஒரு வேலைக்காரத் தேனீ பறந்து திரிகிற பருவத்திலே வாழ்வது ஏறத்தாழ ஆறு வாரம். அந்த வாழ்நாள் முழுவதும் ஓடி உழைத்து அது சேர்க்கும் தேன், ஒரு தேக்கரண்டியிலே பன்னிரண்டில் ஒரு பங்குதான் என்கிறார்கள் ஆய்ந்தவர்கள். பூவிலிருந்து வரும்போது அது தண்ணீராய் இருக்கிறது. கூட்டிலே ஊற்றி, சிறகால் விசிறி விசிறி ஈரத்தை ஓட்டி, நூற்றுக்கு இருபது பங்குக்கும் குறைவாக நீர் நிற்கும்வரை உலர்த்தி, பிறகே மெழுகால் மூடுகிறது. அந்த மூடியைக் காணும்வரை பொறுத்திருப்பவனே நல்ல தேன்காரன். அவசரக்காரன் எடுத்த தேன் சில வாரங்களிலே நுரைத்துப் புளித்துப்போகும்.

விலை குறைக்கக் கேட்ட வெட்கத்திலே நான் திண்ணையிலே அமர்ந்தேன். பழைய நாளின் கதையைப் பெரியவர் சொன்னார். தாம் மலைத்தேன் எடுத்த காலத்திலே கீழேயிருந்து ஒரு வியாபாரி வருவானாம். முன்பணம் கொடுப்பானாம். தேனை எடுத்துக்கொண்டு போவானாம். "தராசும் அவனுது, எடைக்கல்லும் அவனுது, கணக்கு நோட்டும் அவனுது. கடன் மட்டும் எங்களுது" என்றார்.

தோழர்களே! நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஆனால் நான் எழுதிய எந்த நாடகத்திலும் இதைவிடக் கூர்மையான வசனம் இல்லை. மூன்றே பாத்திரங்கள். ஒருவன் மரம் ஏறுகிறான். ஒருவன் சுவைத்து மகிழ்கிறான். இருவருக்கும் இடையிலே ஒருவன் நிற்கிறான். ஏறியவனுக்குச் சுவைத்தவனைத் தெரியாது. சுவைத்தவனுக்கு ஏறியவனைத் தெரியாது. இருவரையும் தெரிந்தவன் இடையிலே நிற்பவன் மட்டுமே. அந்த அறியாமைதான் அவனுடைய மூலதனம்! கடை முகப்பிலே தேன் குப்பியை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் உட்கார்ந்திருக்கிறதே, அது வெறும் கடையல்ல. ஏறியவனும் சுவைப்பவனும் முதன்முறையாக முகம் பார்த்துக்கொள்ளும் மேடை!

"மலைவாழ் மக்களுக்கு உரிமை இல்லையா, சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். இந்தியா விடுதலை பெற்றது 1947-இல். கல்வராயன் மலை மக்கள் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து விடுபட்டது 1976-இல்! டெல்லியிலே கொடியேறி இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்துத்தான், கண்ணுக்கெட்டும் தொலைவிலுள்ள இந்த மலைக்கு அரசின் நேரடி ஆட்சி ஏறி வந்தது.

பிறகு 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. சிறு வன மகசூல் காட்டை நம்பி வாழ்வோருக்கே சொந்தம், எடுக்கலாம், பயன்படுத்தலாம், விற்கலாம் என்றது அந்தச் சட்டம். அந்தச் சிறு வன மகசூல் பட்டியலிலே தேன் உண்டு, மெழுகு உண்டு, மூலிகை உண்டு. அடுத்து, வன மகசூலுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை என்ற ஏற்பாடு வந்தது. 2020 மே மாதம் மத்திய அரசு அதை உயர்த்தியபோது காட்டுத்தேனுக்குக் குறித்த விலை கிலோவுக்கு 225 ரூபாய். நகரத்துக் கடையிலே, பளபளக்கும் கண்ணாடிக் குப்பியிலே, கிலோ என்ன விலை விற்கிறது என்று இன்றிரவே உங்கள் தெருவிலே கேட்டுப் பாருங்கள். இரண்டு எண்களையும் பக்கத்திலே பக்கத்திலே எழுதுங்கள். இடையிலே தெரிகிறதே ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்திலேதான் மலைமகனின் வாழ்வு விழுந்து கிடக்கிறது!

சட்டம் உரிமை தரும், வாங்குபவனைத் தராது. வாங்குபவன் இல்லாத உரிமை, எண்ணெய் இல்லாத விளக்கு. எண்ணெய் ஊற்ற வேண்டியவர்கள் நாம்!

சரி, நகரத்துக் குப்பியிலே இருப்பதாவது தேன்தானா? டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரிலே ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 நிறுவனங்களின் தேனை எடுத்து, 22 மாதிரிகளைச் சோதித்து, ஜெர்மனி நாட்டு ஆய்வுக்கூடம்வரை அனுப்பினார்கள். எல்லாச் சோதனைகளிலும் தேறியவை ஐந்தே ஐந்து மாதிரிகள்! நிறுவனங்கள் மறுத்தன, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் கல்லூரி வாயிலைப் பாதியிலே விட்டு வந்தவன். வேதியியல் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த ஆய்வு சொன்ன சூழ்ச்சி எந்தப் பாமரனுக்கும் புரியும். கரும்புச் சர்க்கரையையும் மக்காச்சோளச் சர்க்கரையையும் கண்டுபிடிக்கச் சோதனை வந்தது. உடனே அந்தச் சோதனைக்கு அகப்படாத பாகு வந்தது! பூட்டு செய்பவன் தூங்கும்போது சாவி செய்பவன் விழித்திருக்கிறான்.

சர்க்கரைமீது எனக்குப் பகையில்லை, தோழர்களே. கச்சிராயபாளையத்து ஆலைக்குக் கரும்பு வெட்டிப்போடும் உழவனும் நம்மவன்தான். சர்க்கரை, சர்க்கரை என்ற பெயரிலே வரட்டும், வரவேற்போம். தேன் என்ற வேடம் கட்டி வரும்போது, ஏமாறுபவன் வாங்குபவன் மட்டுமல்ல. உண்மைத் தேனை வைத்துக்கொண்டு விலைபோகாமல் உட்கார்ந்திருக்கும் மலைமகனும் சேர்ந்தே ஏமாற்றப்படுகிறான்.

"சாலையோரக் கடையிலே மட்டும் கலப்படம் இராதா?" இருக்கலாம். அதனால்தான் கடையை மட்டும் பார்க்காதீர்கள், பெட்டியையும் பாருங்கள் என்கிறேன். எந்தப் பூக்காலத்துத் தேன், எப்போது எடுத்தது, அடையைப் பிழிந்ததா, இயந்திரத்தில் சுற்றி எடுத்ததா என்று கேளுங்கள். எடுத்தவனுக்கு விடை தெரியும். இறக்கி விற்பவனுக்குத் தெரியாது. தண்ணீரிலே விட்டுப் பார்ப்பது, தாளிலே ஊற்றிப் பார்ப்பது, நாய் நக்குமா என்று பார்ப்பது ஆகிய இவையெல்லாம் சோதனைகளல்ல, சாத்திரங்கள்! குளிரிலே தேன் உறைந்து குருணை கட்டினால் பதறாதீர்கள். நல்ல தேனும் உறையும். ஒன்றை மட்டும் தாய்மார்கள் மறவாமல் மனத்திலே கொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது என்ற பெயரால் தேனைத் தொட்டு நாக்கிலே தடவாதீர்கள். பெரியவர்களுக்குத் தீங்கு செய்யாத ஒருவகைக் கிருமியின் வித்து, ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலிலே நஞ்சாக மாறக்கூடும். எவ்வளவு தூய தேனானாலும் இது பொருந்தும். பாட்டி சொன்னாள் என்பதற்காகப் பேரனைப் பணயம் வைக்கலாமா?

இனி, நெஞ்சிலே முள்ளாய்க் குத்தும் செய்திக்கு வருகிறேன். 2024 ஜூன் மாதம். இதே கள்ளக்குறிச்சி. கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். தெருவெங்கும் பந்தல், பந்தலெங்கும் ஒப்பாரி. அந்த நாட்களிலே பலருடைய விரல் மலையை நோக்கி நீண்டது. "அங்கேதான் காய்ச்சுகிறார்கள்" என்றார்கள். மெத்தனால் மலையிலே விளைவதல்ல, ஆலையிலே பிறப்பது! ஆனாலும் மலையிலே சாராய அடுப்பு எரிந்ததே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. எரிந்தது. ஏன் எரிந்தது என்று கேட்க வருகிறேன். அந்தத் துயரத்துக்குப் பின் சென்னை உயர்நீதிமன்றம், எவரும் வழக்குத் தொடுக்காமலே, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரத்தைத் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டதே, என்ன பொருள்? அடுப்பை அணைக்க இலத்தி மட்டும் போதாது, உலையிலே அரிசி வேண்டும் என்று பொருள்! சாராயத்தை வாங்க ஆள் இருட்டிலே மலையேறி வருவான். தேனை வாங்க ஆள் பகலிலேகூட வரமாட்டான் என்றால், அந்த மலைமகனுக்கு நாம் கற்றுக்கொடுத்த பாடம் என்ன?

"ஒரு குப்பித் தேன் ஒரு மலையைத் தூக்கி நிறுத்துமா?" என்று கேலி பேசுவோர் உண்டு. நிறுத்தாது. பாதை வேண்டும், பள்ளி வேண்டும், மருத்துவமனை வேண்டும், நில உரிமை வேண்டும். அவற்றை அரசிடம் கேட்போம், ஓயாமல் கேட்போம். பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் நாணயமான தராசோடு தேனுக்கு நேரே வந்து நிற்கவேண்டும் என்றும் கேட்போம். ஆனால் சிறியதென்று சிரிப்பவர்கள் மார்த்தாண்டத்தைப் பார்க்கட்டும். 1924-இல் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே கிராமச் சீரமைப்பு மையம் தொடங்கினார். ஏழைக் குடும்பங்களுக்குத் தேன் பெட்டி வைக்கக் கற்றுத் தந்தார்கள். பின்னர் அவர்களே கூட்டுறவாகத் திரண்டார்கள். 1990-களின் தொடக்கத்திலே ஒரு நோய் வந்து தென்னாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது, மீண்டும் எழுந்தார்கள். இன்றும் தமிழ்நாட்டிலே தேன் என்றால் மார்த்தாண்டம் என்கிறோம். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

தோழர்களே! கூட்டம் நடத்துகிறோம், மேடையேறியவர்க்கெல்லாம் பொன்னாடை போர்த்துகிறோம். என் வீட்டுப் பெட்டியிலே பொன்னாடைகள் அடுக்கடுக்காய்த் தூங்குகின்றன. அவற்றால் யாருக்கு அடுப்பெரிந்தது? அடுத்த கூட்டத்திலே எனக்குப் பொன்னாடை வேண்டாம். கல்வராயன் மலைக் குடும்பத்திடம், அவர்கள் சொன்ன விலைக்கு, பேரம் பேசாமல் வாங்கிய ஒரு குப்பித் தேன் தாருங்கள்! திருமணத்திற்குப் போகிறீர்களா? அதையே கொண்டுபோங்கள். பூக்காலம் முடிந்து "தேன் இல்லைங்க" என்று அவர்கள் சொன்னால், முகம் சுளிக்காமல் திரும்பி வாருங்கள். இல்லை என்று சொல்லத் தெரிந்த கடைதான் நம்பத் தகுந்த கடை. கூட்டை அடியோடு அழிக்காமல், தேன் பகுதியை மட்டும் அறுத்து, தேனீக்கும் அதன் குஞ்சுக்கும் மிச்சம் வைப்பவனிடம் வாங்குங்கள். உழைத்த பூச்சிக்குப் பங்கு வைப்பவன், உங்களை ஏமாற்றமாட்டான்.

நான் அந்தக் குப்பியை வாங்கிக்கொண்டு புறப்பட்டபோது, பெரியவர் கையிலே ஒட்டியிருந்த ஒரு சொட்டைக் கண்டேன். வேட்டியிலே துடைக்கப்போனவர், என்னைப் பார்த்துச் சற்றுக் கூச்சப்பட்டு, பிறகு சிரித்துக்கொண்டே நாவிலே வைத்துக்கொண்டார்.

அதைத்தான் கேட்கிறேன், தோழர்களே! தேன் எடுத்தவன் புறங்கையை நக்கட்டும். அது அவன் கை. அது அவன் தேன்! இனி இடையிலே நிற்பவன் நக்கக்கூடாது.