கல்லாவும் கணக்கும்

(வட்டியில்லாக் கடன் வழங்கும் நிகழ்ச்சியில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



வியாபாரம் எதற்கு? லாபத்துக்கு என்போம். மக்களுக்குத் தேவையானதை நாணயமாகக் கொடுத்தால்தான் அந்த லாபம் ஹலாலாகும், நிலைக்கும்.

கதீஜா (ரலி) அவர்கள் முதல் போட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சரக்கை ஷாமுக்குக் கொண்டுபோய் விற்று, மறுசரக்கு வாங்கி வந்தார்கள். முதலீடு, கொள்முதல், விற்பனை, கணக்கு: பெரிய கம்பெனியில் இவை தனித்தனிப் பிரிவுகள். உங்கள் கடையில் நான்கையும் நீங்களே பார்க்கிறீர்கள். எது விற்கிறது, எது தேங்குகிறது என்று கணக்கு சொன்னால்தான் அடுத்த கொள்முதல் சரியாக அமையும்.

முன்பு நாங்கள் கடன் கொடுத்த சில கடைகள் மூடிப்போயின. வியாபாரம் இல்லாமல் அல்ல. கல்லாப் பணம் வீட்டுச் செலவுக்குப் போனதால். அந்தப் பணம் திரும்பாததால் வரிசையில் நின்ற வேறு குடும்பங்களுக்கு உதவ முடியவில்லை. எங்கள் மீதும் தவறு உண்டு. கடன் கொடுத்தோம், கணக்கு எழுதக் கற்றுத்தரவில்லை.

ஆகவே இம்முறை காசோலையோடு ஒரு கணக்கு நோட்டும் தருகிறோம். உங்களுக்கென மாதம் ஒரு தொகை வைத்து, அதை மட்டும் எடுங்கள். கடனை எழுதிவைக்கும்படி குர்ஆனே (2:282) கட்டளையிடுகிறது. கணக்கு இல்லாமல் ஜகாத்தும் இல்லை: சரக்கு, ரொக்கம், வரவேண்டிய பாக்கி மூன்றையும் கூட்டி, கொடுக்கவேண்டியதைக் கழித்து, நிஸாப் அளவு இருந்து ஓராண்டு நிறைந்தால் 2.5 சதவீதம்.

இன்று வாங்கும் கைகளை நாளை கொடுக்கும் கைகளாக அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.