ஆரின்ர காதுக்குப் பேசப்போறம்?

(ஆர்ச்வேயில் நடந்த எங்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழியைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



இண்டைக்கு நிகழ்ச்சி நிரலில இருக்கிற கேள்வி: “எங்கட புதுப் பொட்காஸ்ட்டின்ர நீஷ் என்ன?” குழுவில ஏற்கனவே மூண்டு யோசனை வந்திருக்கு. ஈழ அரசியல் அலசல், இங்க பிறந்து வளந்த எங்கட அடையாளச் சிக்கல், தமிழ்ச் சினிமாவில சாதி. மூண்டும் முக்கியமான விசயங்கள்தான். ஆனா மூண்டும் நாங்கள் பேச ஆசைப்படுற விசயங்கள். கேக்கப்போறது ஆர் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை.

நீஷ் எண்ட சொல்லின்ர பழைய அர்த்தம் சுவரில குடைஞ்ச மாடம். ஊரில விளக்கு வைப்பினமே, அந்த மாடம் மாதிரி. எங்க இருட்டு எண்டு பாத்துத்தான் அதை எங்க குடையிறது எண்டு முடிவெடுக்கலாம். அதால “எதைப் பற்றி?” எண்டதுக்கு முதல் “ஆருக்கு, எந்த நேரத்தில, என்ன தேவைக்கு?” எண்டு கேப்பம்.

எங்கட சொந்த வரலாற்றிலயே இதுக்கு உதாரணம் இருக்கு. பி.பி.சி.யின்ர தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம், இரண்டாம் உலகப் போர் நடக்கேக்க லண்டனில தொடங்கினது. ஒரு பேரரசு தன்ர தேவைக்காகத் தொடங்கின வானொலி. ஆனா 1990களில யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லை, பற்றறிக்கும் தடை. சனங்கள் சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, டைனமோவை ரேடியோவோட இணைச்சு, பெடலைக் கையால சுத்திச் சுத்தித் தமிழோசை கேட்டவை. அடுத்த ஊரில என்ன நடக்குது எண்டு தெரியிறது உயிரோட சம்பந்தப்பட்ட விசயமா இருந்தது. 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோட அந்த வானொலி ஒலிபரப்பு நிண்டிட்டுது. பெடல் சுத்திக் கேக்கிற அளவுக்கு ஒரு தேவை இண்டைக்கு லண்டனில ஆருக்கு இருக்கு?

இன்னொரு உதாரணம். கண்ணூரில பீடி சுத்தின தொழிலாளர்கள் தங்களுக்க ஒருத்தரைப் பத்திரிகை வாசிக்க விட்டவை. அவர் சத்தமா வாசிப்பார். அவற்ற பங்குப் பீடியை மற்றாக்கள் சுத்திக் குடுப்பினம். கியூபாவில ஹவானா சுருட்டுத் தொழிற்சாலைகளில 1865இல இதே பழக்கம் தொடங்கினது. அங்கயும் வாசிக்கிறவருக்குக் கூலி குடுத்தது தொழிலாளர்கள்தான். அடுத்த வருசமே அரசு அதைத் தடைசெய்தது. கை வேலையில, காது சும்மா. பொட்காஸ்ட் எண்டு நாங்கள் சொல்லுறதும் அதுதான். என்ன வாசிக்கிறது எண்டதைக் கேக்கிற ஆக்களே முடிவெடுத்தவை. ஏனெண்டா காசும் அவையின்ரதான்.

இனி எங்கட இடத்துக்கு வருவம். இந்த மேட்டில ஏறிப் போனா ஹைகேற் கல்லறையில மார்க்ஸ் படுத்திருக்கிறார். ஆர்ச்வே ரோட்டில முருகன் கோயில் இருக்கு. மார்க்ஸைப் பாக்க நாங்கள் போவம். எங்கட பொட்காஸ்ட்டைக் கேக்க வேண்டிய அண்ணையும் அக்காவும் முருகனைப் பாக்கப் போவினம். அவை 43ஆம் நம்பர் பஸ்ஸிலயும் போவினம், விடியப்புறம் நாலு மணிக்கு. பெற்றோல் ஸ்ரேசன் கவுண்டரில, கடையின்ர பின்னறையில, ரெஸ்ரோரண்ட் குசினியில, கெயர் ஹோமில இரவு வேலை செய்யிற ஆக்கள். காதில ஒரு இயர்போன் இருக்கும். அதில பாட்டு இருக்கு, சினிமா இருக்கு, யூடியூப்பில அரசியல் அலசல் மணிக்கணக்கா இருக்கு.

இல்லாத ஒண்டு, அவையின்ர வேலையைப் பற்றின பேச்சு. சம்பளம், லீவுக் காசு, கையில குடுக்கிற காசு, பே ஸ்லிப் இல்லாத வேலை. இதை மறந்துபோய் விட்டிட்டினம் எண்டு நான் நினைக்கேல்லை. புலம்பெயர் தமிழ் ஊடகத்தின்ர வருமானத்தில பெரிய பங்கு கடை, நகைக்கடை, ரெஸ்ரோரண்ட் விளம்பரத்திலயிருந்து வருது. விளம்பரம் தாற கடையில மணிக்கு எவ்வளவு குடுக்கினம் எண்டு அதே ஊடகம் எப்பிடிக் கேக்கும்? சந்தை நிரப்ப மறந்த இடைவெளி எண்டு இதைச் சொல்லேலாது, சந்தையே உருவாக்கின இடைவெளி இது. விளம்பரம் எடுக்காத எங்களாலதான் இதைப் பேசேலும்.

ஆகவே என்ர முன்மொழிவு: விசயம் ஒண்டே ஒண்டு, வேலை. பேச்சுத் தமிழ். 15 நிமிசம். கேக்கிறதுக்கு ஆப் தேவையில்லை. வாட்ஸ்அப்பில ஒலிக்கோப்பா அனுப்புவம். முதல் நிகழ்ச்சி லீவைப் பற்றி. இந்த நாட்டுச் சட்டப்படி ஒரு தொழிலாளிக்கு வருசத்துக்கு 5.6 கிழமை சம்பளத்தோட லீவு. கிழமையில 5 நாள் வேலை செய்தா அது 28 நாள். பகுதிநேரமா வேலை செய்தாலும் அதுக்கேற்ற அளவு உண்டு. இதைத் தமிழில ஆறுதலா விளங்கப்படுத்தினாலே போதும், அந்தப் பின்னறையில பேச்சுத் தொடங்கும்.

கவனமா இருக்கவேண்டிய இடங்களும் இருக்கு. 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப் பிறகு அனுமதி இல்லாமல் வேலை செய்யிறதே குற்றம். அப்பிடி உழைச்ச கூலியைக்கூடப் பறிக்கலாம். ஆகவே கேஸ் முடியாத ஒருத்தர் தன்ர கதையைச் சொன்னா அவற்ற குரலை வெளியிடக்கூடாது. எங்கட சனத்துக்க குரலை வைச்சே ஆளைப் பிடிப்பினம். கதையை எழுதி, ஊர், கடை, பேர் எல்லாத்தையும் எடுத்திட்டு, எங்களில ஒருத்தர் வாசிக்கட்டும். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை குடுக்கிறதும் குற்றம். தனிப்பட்ட ஆக்களுக்கு “உங்கட கேஸுக்கு இப்பிடிச் செய்யுங்கோ” எண்டு சொல்லுறது எங்கட வேலை இல்லை. தகுதியான இடத்துக்கு வழி காட்டலாம்.

“எங்கட ஆக்களை நாங்களே காட்டிக் குடுக்கிறதா? இனவாதிகளுக்கு வாய்ப்பாப் போகாதா?” எண்டு சிலர் கேப்பினம். நியாயமான பயம்தான். ஆனா கிரன்விக் வேலைநிறுத்தத்தை நினைச்சுப் பாருங்கோ. 1976இலயிருந்து 1978 வரைக்கும் ஜெயாபென் தேசாயும் மற்றப் பெண்களும் வில்ஸ்டன் தெருவில நிண்டினம். முதலாளியும் இந்தியாவில பிறந்தவர்தான். அவை வேலைநிறுத்தத்தில தோத்தவை. ஆனா “எங்கட ஆள்” எண்டு சொல்லி வாயை மூடேல்லை. பின்னறையில நிக்கிறவரும் எங்கட ஆள்தானே? ஈழத்தைப் பற்றிப் பேசாமல் விடச் சொல்லவும் இல்லை. ஏன் லண்டனுக்கு வந்தனீங்கள் எண்டு அவரைக் கேட்டா, ஈழம் தானா வரும்.

முடிவா ஒரு வேலை. அடுத்த கூட்டத்துக்கு முதல் ஒவ்வொருத்தரும் மூண்டு பேரிட்டக் கேளுங்கோ: வேலை செய்யேக்க என்ன கேக்கிறனீங்கள்? வேலையைப் பற்றி ஆரிட்டயும் கேக்கேலாமல் இருக்கிற ஒரு கேள்வி என்ன? அந்தக் கேள்விகளிலயிருந்து ஆறு நிகழ்ச்சி செய்வம். எத்தினை பேர் பதிவிறக்கினம் எண்டு எண்ணவேண்டாம். ஒரு அக்கா அதைத் தன்னோட வேலை செய்யிற இன்னொரு அக்காவுக்கு அனுப்பினவாவா எண்டு பாப்பம். ஆறு முடிஞ்சும் ஒருத்தரும் அனுப்பேல்லை எண்டா நிப்பாட்டிப்போட்டு, சினிமாவைப் பற்றிப் பேசுவம்.