வேண்டுவது தர்மமல்ல, வேலை!



அறிவுசார் குறைபாடு உடையவர்கள், ஆட்டிசம் உடையவர்கள், டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவர்கள் ஆகிய இவர்களுக்கு வேலை கிடைக்கச் செய்வதைப்பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக் கொண்டிருக்கின்றீர்கள். நாம் டாக்டருமல்ல, பண்டிதருமல்ல. பத்து ஆட்களை வைத்துக் கொண்டு சோப்புக் கட்டி விற்கும் ஒரு சிறு தொழில் நடத்தி வருகின்றோம். ஆகையால் முதலில் நம்முடைய குற்றத்தையே சொல்லி விடுகின்றோம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தகப்பனார், 22 வயதுள்ள தன் மகனைக் கையைப் பிடித்து நம்மிடம் அழைத்து வந்து, ஏதாவது வேலை கொடுக்கும்படி கேட்டார். நாம் அந்தப் பையன் முகத்தைக்கூடச் சரியாய்ப் பார்க்காமல், இரக்கப்பட்டு நூறு ரூபாயை எடுத்து நீட்டினோம். அவர் அதை மேஜை மேலேயே வைத்துவிட்டு, “நாங்கள் பிச்சைக்கு வரவில்லை, ஐயா, வேலைக்கு வந்தோம்” என்று சொல்லிப் போய்விட்டார். தர்மம் செய்கின்றோம் என்கின்ற எண்ணத்தில் ஒரு மனிதனுடைய மானத்தை எவ்வளவு சுலபமாய் மிதித்து விடுகின்றோம் என்பது அன்றுதான் நமக்குப் பட்டது.

நிற்க, இவர்களை வீட்டுக்குள் அடைத்து வைத்திருப்பவை இரண்டு மூடநம்பிக்கைகளாகும். ஒன்று, முன்ஜென்ம வினை, தலைவிதி என்பது. இதைப்பற்றி உங்களிடம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் 21-வது குரோமோசோம் ஒன்று அதிகமாய் இருப்பது என்று 1959-லேயே கண்டுபிடித்து விட்டார்கள். குரோமோசோம் யாருடைய பாவபுண்ணியக் கணக்கையும் பார்ப்பதில்லை. இரண்டாவது மூடநம்பிக்கை படித்தவர்களுடையது. அது, “இவனுக்கு எதையும் கற்றுக் கொடுக்க முடியாது” என்பதாகும். முதலாவதைவிட இது பொல்லாதது. ஏனென்றால் இது சர்ட்டிபிகேட்டோடு வருகின்றது.

இந்த இரண்டாவது மூடநம்பிக்கையை ஒருவர் பரீட்சை செய்து பார்த்தார். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்க் கோல்டு என்பவர், 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டும் வேலையை, “ஒன்றுக்கும் ஆகாதவர்கள்” என்று தள்ளப்பட்டவர்களுக்குக் கற்றுக் கொடுத்து, அதன் முடிவை 1972-ல் வெளியிட்டார். பாகத்தின் எந்தப் பக்கம் தன்னைப் பார்த்து இருக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தில் வர்ணம் பூசிக் கொடுத்தபோது, அவர்கள் இன்னும் விரைவாய்க் கற்றார்கள். அவர் தம் முறைக்கு “வேறு வழியில் செய்து பார்” என்று பெயர் வைத்தார். மாணாக்கன் கற்கவில்லையென்றால் வேறு வழி தேட வேண்டியது வாத்தியாருடைய கடமையே ஒழிய, மாணாக்கனை மக்கு என்று எழுதி வைப்பது அல்ல என்பதுதான் இதன் அர்த்தம்.

அதுவரை என்ன நடந்தது? இப்படிப்பட்டவர்களைத் தனிக் கூடங்களில் உட்கார வைத்து, “முதலில் தயாராகட்டும், பிறகு வேலைக்கு அனுப்பலாம்” என்று வருஷக் கணக்காய்ப் பயிற்சி கொடுத்தார்கள். பலருக்கு அந்தத் “தயார்” என்கின்ற நாள் வரவேயில்லை. அந்நாட்டில் 1938-ல் வந்த கூலிச் சட்டமே இவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாய்க் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. இப்போதுதான் பல மாகாணங்கள் அதை ஒழித்து வருகின்றன. இந்தப் பழைய முறையைத் தலைகீழாய் மாற்றி, முதலில் உண்மையான வேலையில் சேர்த்துவிட்டு அந்த இடத்திலேயே கற்றுக் கொடுப்பது என்கின்ற முறை 1986-ல் அமெரிக்கச் சட்டத்திலும் ஏறியது. அப்படிக் கூட இருந்து கற்றுக் கொடுப்பவரை “ஜாப் கோச்” என்கின்றார்கள். நாம் வேலைத்துணை என்று சொல்லிக் கொள்ளுவோம்.

நீந்தக் கற்பவனை ஆற்றில் இறக்காமல் திண்ணையில் படுக்க வைத்துக் கையைக் காலை ஆட்டச் சொன்னால் நீச்சல் வருமா என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வேலைத்துணை என்ன செய்கின்றார்? நாம் பிற்பாடு நம்மிடத்தில் ஒரு பையனைச் சேர்த்துக் கொண்டபோது நேரில் பார்த்ததைச் சொல்லுகின்றோம். வந்தவர் முதல் இரண்டு நாள் பையனை அழைத்து வரவேயில்லை. தாமே உட்கார்ந்து சோப்புக் கட்டினார். கட்டிக்கொண்டே அந்த வேலையை, காகிதத்தை எடுப்பது முதல் பெட்டியை மூடுவது வரை, 14 சிறு படிகளாய் எழுதிக் கொண்டார். மூன்றாம் நாள் பையன் வந்தான். ஒரு படியைச் செய்து காட்டுவார்; அவன் செய்வான்; தவறினால் பேசாமல் கையைத் தொட்டுத் திருத்துவார். ஒரு படி படிந்த பிறகுதான் அடுத்த படி.

பையனுக்கு எண்ணத் தெரியாது. டஜன் கணக்கு எப்படி வரும் என்று நாம் சிரித்தோம். அவர் தச்சனிடம் சொல்லிப் பன்னிரண்டு குழி வைத்த ஒரு பலகை செய்து கொண்டு வந்தார். குழியெல்லாம் நிரம்பினால் ஒரு டஜன், அவ்வளவுதான்! எண்ணத் தெரியாதது அவனுடைய குற்றமா, குழியில்லாத பலகையைக் கொடுத்தது நம்முடைய குற்றமா என்று கேட்கின்றோம். இப்போது எண்ணத் தெரிந்தவர்களும் அந்தப் பலகையைத்தான் கேட்கின்றார்கள்.

பஸ் ஏறி வருவதையும் அவரே கற்பித்தார். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பிறகு பின் ஸீட்டில். பிறகு நிறுத்தத்தில் காத்திருந்தார். பிறகு வருவதையே நிறுத்திக் கொண்டார். நம் ஆட்களில் ஒரு வயதான அம்மாளைப் பையனுக்குத் தோழமையாய்ப் பழக்கிவிட்டு, தாம் வாரம் ஒரு முறை, மாதம் ஒரு முறை என்று குறைத்துக் கொண்டார். தன்னைத் தேவையில்லாமல் செய்து கொள்ளுவதுதான் வேலைத்துணையின் திறமை. ஆனால், இயந்திரம் மாறினாலோ மேஸ்திரி மாறினாலோ அவர் மறுபடியும் வந்தாக வேண்டும்.

நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். 1995-ம் வருஷத்துச் சட்டம் சர்க்கார் உத்தியோகத்தில் 3 சதவிகிதம் ஒதுக்கிற்று. அதில் அறிவுசார் குறைபாடு உடையவர்களுக்கு இடமேயில்லை. 2016-ம் வருஷத்துச் சட்டம் அதை 4 சதவிகிதமாக்கி, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் முதலியவைகளுக்குச் சேர்த்து 1 சதவிகிதம் வைத்தது. சந்தோஷந்தான். ஆனால் இடத்தை ஒதுக்கிவிட்டுக் கற்பிக்கும் ஆளை ஒதுக்காவிட்டால், அது ஏணியில்லாத பரண்தானே? பரணில் பண்டம் இருக்கின்றது என்பதனால் கீழே நிற்பவன் பசி தீருமா? ஆகவே, வேலைத்துணைக்குச் சம்பளம் சர்க்கார் பணத்திலிருந்தே வர வேண்டும் என்பதுதான் நம்முடைய கோரிக்கை. பெற்றோர் தலையிலோ சிறு முதலாளி தலையிலோ கட்டினால் காரியம் நடவாது.

முதலாளித் தோழர்கள் நஷ்டம் வருமே என்பார்கள். முதல் இரண்டு மாதம் வேகம் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் எந்தப் புது ஆள் முதல் நாளே முழு வேலை செய்கின்றான்? ஒன்று மட்டும் கண்டிப்பாய்ச் சொல்லுவோம்: ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடுங்கள். பாதிக் கூலியில் ஆள் கிடைத்தான் என்று சந்தோஷப்படுவதானால், நம்முடைய நூறு ரூபாய்த் தர்மத்தைவிட அது மோசமானதாகும்.

பெற்றோர்களே! “எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?” என்று நீங்கள் இரவில் அழுவது நமக்குத் தெரியும். கேலி செய்வார்களே என்று பிள்ளையை உள்ளே வைத்தால், உங்களுக்குப் பிறகு அவனை அறிந்தவர் ஒருவருமிருக்க மாட்டார்கள். வேலைக்கு அனுப்பினால் பத்துப் பேர் அறிவார்கள். ஒரு நாள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அது சம்பளத்தைவிடப் பெரிது.

நாம் சொல்லுவதற்காக நம்ப வேண்டாம். உங்கள் கடையில், அச்சாபீஸில், ஓட்டலில் ஒரே ஒருவருக்கு மூன்று மாதம் இடம் கொடுத்துப் பரீட்சித்துப் பாருங்கள். அந்தத் தகப்பனாரும் மகனும் இன்று எங்கே இருக்கின்றார்கள் என்பது நமக்குத் தெரியாது, தேடியும் அகப்படவில்லை. உங்கள் வாசலுக்கு அப்படி ஒருவர் வரும்போது, பணப்பெட்டியைத் திறக்காமல் வேலை செய்யும் இடத்தின் கதவைத் திறக்கும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம்.