கட்டைவிரலில் தொடங்கிய வலிப்பு

 

அறிவியல் அறிஞர்கள் வரிசையில் இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட பெயர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன். நியூட்டன் என்றால் பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஜாக்சன் என்றால் ஆட ஆரம்பித்துவிடுவார்கள்! ஆனால் நரம்பியல் படித்த எந்த டாக்டரிடமும் கேட்டுப் பாருங்கள். மரியாதையோடு சொல்வார் இந்தப் பெயரை.

1835இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவத்தை விட்டுவிட்டுத் தத்துவம் எழுதப் போகிறேன் என்று இளவயதில் கிளம்பினார். போகாதே என்று தடுத்து நிறுத்தினார் ஜொனாதன் ஹட்சின்சன் என்ற நண்பர். அந்த நண்பருக்கு உலகம் கடன்பட்டிருக்கிறது. 1860களில் லண்டன் குயின் ஸ்கொயரில், பக்கவாதக்காரர்களுக்கும் வலிப்பு நோயாளிகளுக்குமென்றே திறக்கப்பட்ட மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தார் ஜாக்சன்.

அன்றைக்கு ஸ்கேன் கிடையாது. எக்ஸ்ரேயே 1895இல்தான் வந்தது. மூளையின் மேற்பரப்பு அறிவுக்கு மட்டுமே உரியது, கைகால் அசைவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பெரிய பெரிய மருத்துவர்களே நம்பிய காலம். வலிப்பு என்றால் மூளையின் அடித்தண்டில் பிறப்பது என்பார்கள்.

ஜாக்சன் என்ன செய்தார்? கட்டிலருகே நின்று பார்த்தார். வலிப்பு வந்தவர் விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். விழுவதற்கு முன் நடந்ததை இவர் பார்த்தார். முதலில் கட்டைவிரல் துடிக்கிறது. பிறகு விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள். அங்கிருந்து முகம், கால். வரிசை தப்பாமல் ஏறுகிறது! நோயாளிக்கு அந்த நேரத்தில் நினைவுகூடத் தப்பவில்லை. இந்த வகை வலிப்பு பெரும்பாலும் கையில் தொடங்கும், அல்லது முகத்தில், அல்லது காலில். ஏன் இந்த மூன்று இடம் மட்டும்? நாம் நினைத்தபடி நுட்பமாக ஆட்டுவிக்கும் உறுப்புகள் இவைதான். ஆகவே மூளையில் இவற்றுக்கு இடமும் அதிகம் இருக்க வேண்டும் என்று யோசித்தார். உடம்பில் துடிப்பு வரிசையாக ஏறுகிறதென்றால், மூளையின் மேற்பரப்பிலும் அதே வரிசையில் உறுப்புகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றார். இறந்தவர்களின் மூளையைத் திறந்து, கண்ட அறிகுறியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். வலிப்புகளைப் பற்றிய அவருடைய முக்கியமான ஆய்வுரை 1870இல் வெளிவந்தது.

அதே 1870இல் பெர்லினில் ஃப்ரிட்ச், ஹிட்சிக் என்ற இருவர், ஹிட்சிக்கின் வீட்டிலேயே வைத்து, நாயின் மூளை மேற்பரப்பில் லேசான மின்சாரம் பாய்ச்சினார்கள். எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது! 1873இல் டேவிட் ஃபெரியர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வேக்ஃபீல்டு மனநல மருத்துவமனையில் சோதனைகளைத் தொடங்கி, பிறகு குரங்குகளின் மூளையில் இடம் இடமாக வரைபடமே போட்டார். 1876இல் வந்த தம் புத்தகத்தை ஜாக்சனுக்குக் காணிக்கையாக்கினார். இதற்கு அந்த விலங்குகள் கொடுத்த விலையை நாம் மறைக்கக் கூடாது. அன்றைக்கே எதிர்ப்பு எழுந்தது. உரிமம் இல்லாமல் விலங்குகளை அறுத்தார் என்ற வழக்கில் 1881இல் ஃபெரியர் நீதிமன்றப் படியேறினார். அறுவையைச் செய்தவர் உரிமம் பெற்ற வேறொருவர் என்று தெரிந்து வழக்கு விழுந்தது.

1884 நவம்பரில் ஒரு நோயாளி. இடது கையில் துடிப்பு, பிறகு பலவீனம். தலைக்கு வெளியே ஓர் அடையாளமும் இல்லை. இந்த மூளை வரைபடத்தை மனதில் வைத்து, கட்டி இங்கேதான் இருக்கும் என்று மருத்துவர் ஹியூஸ் பென்னெட் இடத்தைக் குறித்துக் கொடுத்தார். அறுவை மருத்துவர் ரிக்மன் காட்லீ மண்டை ஓட்டைத் திறந்தார். சொன்ன இடத்தில் கட்டி இருந்தது! ஜாக்சனும் ஃபெரியரும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். சில வாரங்களில் கிருமித் தொற்றால் அந்த மனிதர் இறந்துபோனார். ஆனாலும் மூளை அறுவைக்கு வழி திறந்துவிட்டது.

மருத்துவ மாணவச் செல்வங்களே, ஜாக்சனிடம் நீங்கள் கற்க வேண்டியது இன்னொன்று. பேச்சு இழந்த நோயாளியிடம் நாக்கை நீட்டு என்றால் அவரால் முடியாது. ஆனால் உதட்டில் ஒட்டிய ரொட்டித் துணுக்கை அதே நாக்கால் நக்கி எடுப்பார். பேச வராதவர் கோபம் வந்தால் திட்டுவார்! போனது எது என்று மட்டும் பார்க்காமல், மிஞ்சியது எது என்றும் பார்த்தவர் ஜாக்சன். பேச்சைக் கெடுக்கும் சேதம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது வேறு, பேச்சே அந்த இடத்தில் குடியிருக்கிறது என்று முடிவு கட்டுவது வேறு என்று எச்சரித்தார். மூளைப் படங்களைக் காட்டி இதுதான் காதல், இதுதான் கோபம் என்று செய்தி போடுகிற இந்தக் காலத்துக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

அவருடைய மனைவி எலிசபெத் 1876இல், மூளையின் இரத்தக் குழாயில் உறைவு ஏற்பட்டு இறந்தார். கடைசி நாட்களில் அவருக்கும் வலிப்பு வந்தது. ஜாக்சன் ஆராய்ந்த அதே வகை. அந்த வலிப்புக்கு ஜாக்சன் பெயரையே சூட்டினார் பிரான்ஸின் மருத்துவ மேதை ஷார்கோ.

பெரியோர்களே, நம் ஊரில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் என்ன செய்கிறோம்? கூட்டம் கூடுகிறோம். கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம். இரும்பால் வலிப்பு நிற்காது. அது தானாக நிற்கிற நேரத்தில் சாவி பெயர் வாங்கிக்கொள்கிறது! காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறோம். வலிப்பு இருக்கிறதென்று தெரிந்தால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது.

தயவுசெய்து இனி இப்படிச் செய்யுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கூரான பொருட்களை நகர்த்திவிட்டு, ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள். துடிப்பு எந்தக் கையில், எந்தப் பக்கத்து வாயோரத்தில் தொடங்கியது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் செல்போனில் பதிவு செய்யுங்கள், வாட்ஸ்அப்பில் பரப்ப அல்ல, டாக்டரிடம் காட்ட. இத்தனை ஸ்கேன் வந்த பிறகும், எங்கே தொடங்கியது என்றுதான் டாக்டர் முதலில் கேட்கிறார். விழுந்தவருக்குப் பல நேரம் அது தெரியாது. பக்கத்தில் நின்ற உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்கள்!