நேர்முகத் தேர்வுக்கும் ஒரு தக்ரார்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின் நம்மைப் பேச அழைத்திருக்கிறார்கள். இன்று நாம் கம்ப்யூட்டர் வேலைக்கான நேர்முகத் தேர்வைப் பற்றிப் பேச விரும்புகிறோம். இமாமுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். அந்தத் தொடர்பு ஒரு தவற்றிலிருந்து தொடங்கியது. தவறு நம்முடையது.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மஹல்லா வாலிபர் ஒருவர் பொறியியல் படித்து முடித்திருந்தார். தந்தை பட்டாசுத் தொழிற்சாலைத் தொழிலாளி. தாயார் அச்சகத்தில் காகிதம் மடிக்கும் வேலை. பிள்ளை மூன்று நிறுவனங்களின் எழுத்துத் தேர்வில் தேறி, மூன்றிலும் நேர்முகத்தில் திரும்பி வந்தார். மனமுடைந்து நம்மிடம் வந்தபோது, "பொறுமையாக இருங்கள் தம்பி, நஸீப் இருந்தால் கிடைக்கும்" என்று கூறி, துஆச் செய்து அனுப்பினோம். எவ்வாறு தயார் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான்காம் முறையும் அவர் திரும்பிய பிறகுதான் கேட்டோம். "அவர்கள் கேட்ட கேள்விக்கு விடை தெரியுமா?" என்றோம். "தெரியும் ஹஜ்ரத். அவர் முன்னால் வாய் வரவில்லை" என்றார்.

அந்தப் பதில் பல நாட்கள் நம் மனத்தை உறுத்தியது. பெருநாளுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த நம் பிள்ளைகளை அமர வைத்து, இத்தேர்வு எப்படி நடக்கிறது என்று விசாரித்தோம். பெரும்பாலும் பல படிகளாக நடக்கிறது என்றார்கள். முதலில் சதவீதம், வேலையும் நேரமும் போன்ற கணக்குகளும், ஒரு சிறு நிரலைக் காட்டி அதன் விடை என்ன என்ற கேள்விகளும் வரும். அடுத்து நிரல் எழுதச் சொல்வார்கள். அதன்பின் ஒருவர் எதிரில் அமர்ந்து, "இதை ஏன் இப்படி எழுதினீர்கள்? வேறு வழி உண்டா?" என்று கேட்பார். கல்லூரியில் செய்த புராஜெக்டைப் பற்றியும் துருவுவார். நம் பிள்ளைகள் பலர் இடறி விழுவது இந்த 'ஏன்' என்ற இடத்தில்தான்.

இதைக் கேட்டதும் நமக்கு மதரஸா நாட்கள் நினைவுக்கு வந்தன. ஸபர், ஸேர், பேஷ் இல்லாத கிதாபை விரித்து வைத்து உஸ்தாத் ஒரு வரியை வாசிக்கச் சொல்வார். சரியாக வாசித்தாலும் விடமாட்டார். "இந்தச் சொல்லின் இறுதியில் ஏன் பேஷ் வந்தது?" என்பார். காரணம் சொன்னால்தான் பாடம் வந்ததாகப் பொருள். அதற்காகவே இரவில் மாணவர்கள் இருவர் இருவராக அமர்ந்து தக்ரார் செய்வோம். ஒருவர் உஸ்தாதைப் போலப் பாடம் நடத்துவார். மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்பார். தனியே படித்தபோது விளங்கியது போலத் தோன்றியது, பிறருக்குச் சொல்லும்போதுதான் விளங்கவில்லை என்று தெரியவரும். நம் வாலிபர்களுக்குக் குறைவாக இருப்பது இந்தத் தக்ரார்தான் என்பது நமது உறுதியான கருத்து.

அல்காரிதம் என்ற சொல், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் பணியாற்றிய அறிஞர் அல் குவாரிஸ்மீ அவர்களின் பெயரிலிருந்து திரிந்து வந்தது. இதை மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். பெருமை பேசுவதால் யாருக்கும் வேலை கிடைக்காது. ஆகவே நாம் கற்றுக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறோம்.

நமது சந்தாப் பேரேட்டில் 1000 பெயர்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். எந்தப் பெயர் இருமுறை பதிவாகியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் இத்தகைய கேள்வி வந்தால், உடனே எழுதத் தொடங்கக் கூடாது. முதலில் கேள்வியைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு ஐயத்தைக் கேட்க வேண்டும். "ஒரே பெயரில் இருவர் இருக்கலாமா?" என்று கேட்பவர் அறிவாளி. நமது பேரேட்டில் எத்தனை அப்துல் காதர்கள் இருக்கிறார்கள்! அவர்களையெல்லாம் ஒருவராக்கி விட்டால் சந்தாக் கணக்கு என்னாவது?

அடுத்து, எளிய வழியைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெயரையும் மற்ற எல்லாப் பெயர்களோடும் ஒப்பிடலாம். அதற்கு ஏறத்தாழ 5 இலட்சம் ஒப்பீடுகள் ஆகும். அதன்பின் சிறந்த வழி. பெயர்களை அகர வரிசைப்படுத்தினால், அடுத்தடுத்த பெயர்களை மட்டும் பார்த்தால் போதும். அல்லது படித்த பெயர்களை ஹேஷ் அட்டவணையில் குறித்துக்கொண்டே போனால், பேரேட்டை ஒரே முறை புரட்டி முடித்துவிடலாம். அதற்கு நினைவகம் கூடுதலாகச் செலவாகும் என்பதையும் சொல்ல வேண்டும். கடைசியாக, நான்கைந்து பெயர்களை வைத்துத் தாளிலேயே சரிபார்க்க வேண்டும். பேரேடு வெறுமையாக இருந்தால் என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும்.

இதே பேரேடு அகர வரிசையில் இருந்து, ஒரு பெயரை மட்டும் தேட வேண்டுமானால், நடுப்பக்கத்தைத் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்துப் பாதியைத் தள்ளிவிடலாம். 1000 பெயர்களில் 10 முறைக்குள் முடிந்துவிடும். பத்து இலட்சம் பெயர்களானாலும் 20 முறைதான். இதை பைனரி தேடல் என்கிறார்கள். கிதாபு ஓதிய நமக்கே இது விளங்குகிறது என்றால், நான்காண்டு படித்த பிள்ளைக்கு விளங்காதா? விளங்கும். சொல்லத்தான் பழக வேண்டும்.

இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டவுடன் நிரல் எழுதித் தருகின்றன. அதைக் கொண்டு புராஜெக்டை முடித்துவிட்டு, அதன் ஒரு வரிக்கும் காரணம் சொல்ல இயலாமல் நிற்பது பரிதாபத்திற்குரியது. தாம் செய்யாததைச் செய்ததாக விண்ணப்பத்தில் எழுதுவது பொய். இரண்டாம் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, "இப்படி யோசித்துப் பார்க்கிறேன்" என்று தொடர்பவருக்கு மதிப்பு உண்டு.

பெற்றோர்களே! இந்தப் பகுதியில் பட்டாசு எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதை நாம் மறக்கவில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நிகழ்ந்த தீ விபத்தையும் மறக்கவில்லை. 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பேரியத்திற்கும் சரவெடிக்கும் தடை விதித்ததையடுத்துத் தொழிற்சாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, எத்தனை வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்பதும் நமக்குத் தெரியும். மருந்தில் கை வைத்துச் சம்பாதித்த பணத்தில் பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டு, கடைசி ஒரு மணி நேரத்தில் வாய் வராமல் அது வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

உதவிகள் இருக்கின்றன. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தமிழக அரசு 2022 மார்ச் 1இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகவும் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சிகள் வழங்கப்பட்டுள்ளன. பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களைத் தாமே பயிற்றுவித்து வேலையில் அமர்த்திய ஸோஹோ நிறுவனம், தென்காசி அருகே மத்தளம்பாறையிலேயே அலுவலகம் அமைத்தது. வாய்ப்பு சென்னைக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம்.

பாடம் இணையத்தில் கிடைக்கும். எதிரில் அமர்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டுமே, அதை ஜமாஅத் கொடுக்க இயலும். நிர்வாகத்திடம் நாம் வைக்கும் கோரிக்கை சிறியது. மக்தப் நடக்கும் மேல்மாடி அறையை ஞாயிறுதோறும் மஃரிபுக்குப் பின் வாலிபர்களுக்குத் திறந்துவிடுங்கள். ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் போதும். இருவர் இருவராக அமரட்டும். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் பலகையில் எழுதிக்கொண்டே விளக்கட்டும். பாதி நேரம் தமிழிலும் பாதி நேரம் ஆங்கிலத்திலும் பேசட்டும். பெண் பிள்ளைகளுக்கு மாலை அஸருக்குப் பின் தனி அமர்வு வையுங்கள். அவர்களுக்கு மதுரையிலோ சென்னையிலோ நேர்முகம் வந்தால், தந்தையோ அண்ணனோ உடன் சென்று வாருங்கள். ஊர் தூரம் என்று கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள்.

நாம் முதலில் சொன்ன அந்த வாலிபர் இரண்டு மாதம் தம் நண்பரோடு இவ்வாறு பயின்றார். ஐந்தாம் முறையும் கிடைக்கவில்லை. ஆறாம் முறை மதுரையில் ஒரு சிறிய நிறுவனத்தில் கிடைத்தது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தேறி வந்து நம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பதாக வாக்களித்திருக்கிறார். இந்தச் சபையில்தான் அமர்ந்திருக்கிறார்.

இனி வேலை கிடைக்காத பிள்ளை நம்மிடம் வந்தால், துஆச் செய்வோம்; அத்துடன், "வாருங்கள் தம்பி, பலகை முன் நின்று ஒருமுறை எங்களுக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்றும் கேட்போம். அதற்கு நிர்வாகமும் பெற்றோரும் துணை நிற்க வேண்டுகிறோம். வல்ல அல்லாஹ் நம் மக்களின் உழைப்பை ஏற்று, அவர்களின் நாவின் முடிச்சை அவிழ்த்து வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.