அடுத்தவர் கைக்கு மாறும் சாபம்



பேய்ப் படம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பாழடைந்த பங்களாவும் நள்ளிரவுச் சலங்கை ஒலியும்தான். 1998 ஜனவரி இறுதியில் ஜப்பானில் வெளியான ‘ரிங்கு’ திரைப்படத்தில் பேய் குடியிருந்த இடமோ ஒரு சாதாரண வீடியோ நாடா. கோஜி சுசுகி 1991-இல் எழுதிய நாவலை இயக்குநர் ஹிடியோ நகாட்டா சிறு செலவில் படமாக்கியிருந்தார். நான்கே ஆண்டுகளில், 2002-இல், ஹாலிவுட் அதே கதையைப் பன்மடங்கு பணம் கொட்டி மீண்டும் எடுத்தது.

அந்த நாடாவைப் பார்த்து முடித்ததும் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கும். ஏழு நாளில் பார்த்தவர் இறந்துபோவார். தன் உறவுக்காரப் பெண் இப்படி இறந்ததைத் துப்பறியப் போகும் தொலைக்காட்சிச் செய்தியாளர் ரெய்கோ தானும் அதைப் பார்த்துவிடுகிறார். முன்னாள் கணவர் ரியூஜியின் உதவியை நாடுகிறார். அவர் ஆராய்ந்து பார்க்க ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கிறார். பிறகு ஒரு நாள் இரவு, அவர்களுடைய சிறு மகன் யோய்ச்சியும் அதைப் பார்த்துவிடுகிறான்.

ஆவியாக வரும் சதாகோவின் வினோத நடைக்குக் கணினி வித்தை எதுவும் தேவைப்படவில்லை. நடிகையைப் பின்னோக்கி நடக்க வைத்துப் படம்பிடித்து, அதைத் தலைகீழாக ஓட்டினார்கள். அவ்வளவுதான். ஆனாலும் அந்தக் காட்சியைவிட மனத்தை உலுக்குவது கதையின் முடிவு.

ரெய்கோவும் ரியூஜியும் பழைய கிணற்றில் இறங்கிச் சதாகோவின் எலும்புகளை வெளியே எடுக்கிறார்கள். ரெய்கோவின் கெடு கடந்தும் அவர் உயிரோடு இருக்கிறார். நம்மூர்ப் பேய்க் கதை என்றால் இங்கே சுபம் போட்டிருப்பார்கள். எலும்புக்கு நல்லடக்கம், ஆத்மாவுக்குச் சாந்தி என்று கதை முடிந்திருக்கும். ஆனால் மறுநாளே ரியூஜி இறந்துபோகிறார். ரெய்கோ மட்டும் எப்படித் தப்பினார்? அவர் ஒரு பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டியிருந்தார். ரியூஜி யாருக்கும் காட்டவில்லை. சதாகோ கேட்டது நீதியோ ஈமச்சடங்கோ இல்லை, பரவ வேண்டும் என்பதே அவளுடைய ஒரே வேட்கை.

இது அப்படியே கிருமியின் குணம். வைரஸ் தானாகப் பெருகாது. உயிருள்ள ஓர் அணுவுக்குள் புகுந்து, அந்த அணுவின் ஆற்றலைக் கொண்டே தன்னைப் பிரதி எடுக்கும். வீடியோ நாடாவும் தன்னைத்தானே பிரதி எடுக்காது. அதற்கு ஒரு மனிதனின் கை வேண்டும். அந்தக் கையை அசைக்க அச்சம் வேண்டும். நாவலில் சதாகோவின் கதையோடு பெரியம்மைக் கிருமியையும் சுசுகி இணைத்திருந்தார். படத்தில் அது இல்லை என்றாலும் தொற்றுநோயின் கணக்கு மாறவில்லை.

நோய்க்கும் இந்தச் சாபத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சளிக்காய்ச்சலை அடுத்தவருக்குக் கொடுத்தால் நமக்குக் குணமாகிவிடாது. சாபமோ பேரம் பேசுகிறது: “அடுத்தவரிடம் தள்ளிவிடு, உன்னை விட்டுவிடுகிறேன்.”

நாவலின் நாயகன் ஓர் ஆண். நகாட்டாவின் படத்தில் அந்த இடத்தில் ஒரு தாய் இருக்கிறார். மகனைக் காப்பாற்ற நாடாவையும் வீடியோ கருவியையும் காரில் ஏற்றிக்கொண்டு ரெய்கோ புறப்படுகிறார். வழியில் தொலைபேசியில் ஒருவரை அழைத்து, பேரனுக்காக ஓர் உதவி வேண்டும் என்கிறார். மறுமுனையில் இருப்பவர் அவரைப் பெற்ற தந்தை.

இந்தப் படத்தில் யாரும் கெட்ட எண்ணத்தோடு சாபத்தைப் பரப்பவில்லை. பாசம்தான் அதைத் தூக்கிச் செல்லும் வாகனம்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இது புதிதன்று. சாமியின் பெயரால் வந்த சங்கிலிக் கடிதங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இத்தனை பேருக்கு எழுதினால் நன்மை, கிழித்துப் போட்டால் கேடு. நம்பிக்கை இல்லாதவர்களும் “எதற்கு வம்பு” என்று உட்கார்ந்து எழுதினார்கள். அஞ்சலட்டை போய்க் குறுஞ்செய்தி வந்தது, பிறகு வாட்ஸ்அப் வந்தது. 2020-இல் கொவிட்-19 பரவியபோது உலகச் சுகாதார நிறுவனம் தகவல் தொற்று பற்றியும் எச்சரித்தது. பூண்டு சாப்பிட்டால் கிருமி அண்டாது என்று அனுப்பியவர்களில் பலர் அக்கறையோடுதான் அனுப்பினார்கள். பெறுபவர்களும் சொந்தக்காரர்கள் என்பதால் அதை நம்பினார்கள்.

இதற்கு நேர்மாறான செயலையும் உலகம் கண்டிருக்கிறது. 2003-இல் சார்ஸ் நோய் சிங்கப்பூரில் 238 பேரைத் தாக்கி 33 உயிர்களைப் பறித்தது. நோயாளிகளுடன் தொடர்பில் இருந்தவர்கள் வீட்டில் தனித்திருக்க உத்தரவிடப்பட்டனர். நோய் இருக்கிறதா என்றே தெரியாமல், பிள்ளைகளைக்கூட அணைக்காமல், நாள்களை எண்ணியபடி அவர்கள் அறைக்குள் இருந்தார்கள். சங்கிலி அறுந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

ரெய்கோவின் கார் இருண்ட வானத்தை நோக்கிப் போவதோடு படம் முடிகிறது. தாத்தா அந்த நாடாவைப் பார்த்தாரா என்பது காட்டப்படவில்லை. பார்த்திருந்தால், ஏழு நாளுக்குள் அவரும் ஒருவரைத் தேடிப் போக வேண்டும். அல்லது நாடாவைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும்.