பாதை யாரைத் தேடிப் போகிறது?
(வாசிப்பு வட்டத்தில் ஒரு தொண்டர் பேசியது)

 

நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. பள்ளிப் படிப்புதான். ஆனாலும் நம் ஐதராபாத்தைப் பற்றி ஒரு கேள்வி என் மனதில் உண்டு. அதை உங்களோடு சேர்ந்து யோசிக்க வந்திருக்கிறேன்.

என் அம்மா முன்பு செகந்திராபாத்தில் வேலை செய்தார். ஒரு அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை. வீட்டிலிருந்து நடந்தே போவார். ஒரு நாள் அந்த அலுவலகம் மாதாப்பூர் பக்கம் மாறிப் போயிற்று. சம்பளம் மாறவில்லை. அம்மாவுக்குப் போக 2 பஸ், வர 2 பஸ். ஒரு நாளைக்கு 60 ரூபாய் செலவு. மாதம் 26 நாள் வேலை. கணக்குப் போடுங்கள். 1,560 ரூபாய்! பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் சம்பளம் வேறு பிடிப்பார்கள்.

அம்மா கேட்டார்: "ஏன்டி, வேலையெல்லாம் ஏன் அந்தப் பக்கமே போகுது?"

நல்ல கேள்வி. பதில் தேடுவோம்.

நகரம் தானாக வளர்வதில்லை. வியாபாரம் எங்கே போகிறதோ, அங்கே பாதை போகும். பாதை எங்கே போகிறதோ, அங்கே நிலத்தின் விலை ஏறும்.

பழைய காலத்தைப் பாருங்கள். 1578-இல் மூசி ஆற்றின் மேல் புரானாபூல் பாலம் கட்டினார்கள். இளவரசரின் காதலுக்காகக் கட்டியது என்று கதை சொல்வார்கள். கதை இருக்கட்டும். கோல்கொண்டா அன்று வைர வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து மசூலிப்பட்டினம் துறைமுகம் போகும் சரக்குக்கு ஆற்றைக் கடக்க வழி வேண்டும் அல்லவா? பாலம் வந்தது. 1591-இல் அக்கரையில் சார்மினார் எழுந்தது. புது நகரம் பிறந்தது.

பிறகு வெள்ளைக்காரர் பட்டாளம் வந்தது. 1806-இல் செகந்திராபாத் என்று பெயர் வந்தது. மதராஸ் பட்டாளத்தோடு வந்த தமிழர்கள் பலர் இங்கேயே தங்கினார்கள். 1874-இல் ரயில் வந்தது. பம்பாய்க்கும் மதராசுக்கும் போகும் பாதையில் வாடி என்ற ஊர் இருக்கிறது. அதோடு செகந்திராபாத்தை இணைத்தார்கள். ஸ்டேஷனைச் சுற்றிக் கடையும் லாட்ஜும் பெருகின.

நம் காலத்துக்கு வருவோம். மாதாப்பூர் ஒரு காலத்தில் பாறைக்காடு. 1998-இல் அங்கே சைபர் டவர்ஸ் என்ற கட்டடத்தைப் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. அகலமான சாலை வந்தது. மேம்பாலம் வந்தது. நகரைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளத்துக்கு வெளிவட்டச் சாலையும் வந்தது. அம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில். வேலை அங்கே போனதற்குக் காரணம், பணம் அங்கே போனது.

இது தவறா? பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. அது நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சாலை போட அரசின் பணம், அதாவது நம் எல்லோருடைய பணம். சாலை வந்ததும் நிலத்தின் விலை ஏறுகிறதே, அந்த லாபம் யாருக்கு?

மெட்ரோ ரயிலின் கதையைக் கேளுங்கள். 2008-இல் மெட்ரோ கட்ட டெண்டர் விட்டார்கள். சில கம்பெனிகள் "அரசு உதவிப் பணம் தர வேண்டும்" என்றன. மேட்டாஸ் என்ற கம்பெனி மட்டும் "நாங்களே அரசுக்கு 30,311 கோடி ரூபாய் தருகிறோம்" என்றது! எல்லோரும் வியந்தார்கள். டிக்கெட் விற்று இவ்வளவு பணம் தர முடியுமா? டெல்லி மெட்ரோவைக் கட்டிய ஸ்ரீதரன் ஐயப்பட்டார். ரயிலைத் தன் சொந்த நிலங்கள் பக்கம் நீட்டும் எண்ணம் அந்தக் கம்பெனிக்கு இருக்கலாம் என்று கடிதம் எழுதினார்.

மேட்டாஸ் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதித் திருப்பிப் படியுங்கள். சத்யம் என்று வரும். இரண்டும் ஒரே குடும்பத்துக் கம்பெனிகள். 2009 ஜனவரியில் சத்யம் கம்பெனியின் பொய்க் கணக்கு வெளியே வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் மெட்ரோ ஒப்பந்தம் ரத்தானது.

அடுத்து, 2010-இல் எல் அண்ட் டி கம்பெனி வேலையை எடுத்தது. இந்த முறை கம்பெனி பணம் தரவில்லை. மத்திய அரசு 1,458 கோடி ரூபாய் உதவி தர ஒப்புக்கொண்டது. ஸ்டேஷன் பக்கத்தில் மால் கட்டி வாடகை வாங்கவும் கம்பெனிக்கு உரிமை கிடைத்தது. 2017 நவம்பரில் ரயில் ஓடியது. மொத்தம் 69 கிலோமீட்டர் பாதை. ஆனால் பழைய நகரத்தில் ஃபலக்நுமா வரை போக வேண்டிய துண்டு மட்டும் கட்டப்படவில்லை. பாதையில் தகராறு, கட்டடம் இடிப்பதில் தகராறு என்று காரணம் சொன்னார்கள். ஹைடெக் சிட்டிக்கு 2019-லேயே ரயில் போய்விட்டது.

கம்பெனி நஷ்டம் என்றது. 2025 செப்டம்பரில், மெட்ரோவைக் கடனோடு சேர்த்து ஏற்றுக்கொள்ள மாநில அரசு ஒப்புக்கொண்டது. பாருங்கள், கடைசியில் சுமை பொதுப் பணத்தின் மேல் வருகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2023 டிசம்பர் 9 முதல் தெலங்கானாவில் சாதாரண பஸ்களிலும் எக்ஸ்பிரஸ் பஸ்களிலும் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கண்டக்டர் ஜீரோ டிக்கெட் கிழித்துத் தருவார். அம்மாவின் 1,560 ரூபாய் மிச்சமாயிற்று. அதில் தம்பிக்கு டியூஷன் பீஸ் கட்டுகிறார். பஸ் கூட்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வேலை தேடிக் கொஞ்சம் தூரம் போகப் பெண்களுக்குத் துணிவு வந்திருக்கிறது. அரசு பணத்தை எங்கே வைக்கிறதோ, அங்கே வாழ்க்கை மாறுகிறது.

சரி, இதில் நாம் என்ன செய்ய முடியும்? படிக்க முடியும்!

நம் பஸ்தியில் ஒரு பாட்டி பெட்டிக்கடை வைத்திருந்தார். சாலையை அகலமாக்கப் போவதாகச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். பாட்டிக்கு எழுத்து தெரியாது. தினமும் அந்தக் காகிதத்தைத் தாண்டித்தான் கடை திறந்தார். மறுப்புச் சொல்லும் நாள் முடிந்துபோயிற்று. கடையின் முன்பாகமும் போயிற்று. "தெரிஞ்சிருந்தா ஒரு மனுவாவது குடுத்திருப்பேனே" என்று அழுதார். அந்தப் பாட்டி இன்று இங்கே முன் வரிசையில், கையில் சிலேட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது? அரசு நிலம் எடுப்பதானால் முதலில் அறிவிப்பு வெளியிட வேண்டும். இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும். ஒன்று அந்தப் பகுதி மொழியில் இருக்க வேண்டும். அந்த நிலத்தில் சம்பந்தம் உள்ளவர்கள் 60 நாட்களுக்குள் எழுத்தில் மறுப்புத் தரலாம். அதிகாரி அவர்களுடைய வாதத்தைக் கேட்க வேண்டும்.

இங்கே அறிவிப்பு தெலுங்கில் வரும். அதனால் பயப்பட வேண்டாம். தமிழ் எழுத்துப் பழகிய கைக்குத் தெலுங்கு எழுத்தும் வரும். அதுவரை பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முதலில் தேதியைப் பாருங்கள். மனு கொடுத்தால் ஒரு நகலில் முத்திரை வாங்குங்கள். அந்த நகலைப் பத்திரமாக வையுங்கள்.

இனி உங்கள் தெருவில் புது ரோடு, புது பாலம் என்று பேச்சு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பணம் யாருடையது? லாபம் யாருக்கு? இடத்தை விடுவது யார்?

அடுத்த வாரம் மனு எழுதப் பழகுவோம். முதல் மனு பாட்டியுடையது. தன் பெயரை அவரே எழுதப் போகிறார்.